ஆகஸ்ட்டை விடுங்கள், கார்த்திகைக் கடைசியைப் பிடியுங்கள்

இரவு வானம்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: 2026 ஆகஸ்ட் 12 ஆடி அமாவாசை. நிலா இல்லாத அந்த இரவில் பெர்சீட் எரிகல் பொழிவு உச்சம் என்கிறார்கள். விடுப்பு போட்டு ஏற்காடு போகலாமா?
– மென்பொருள் ஊழியர், சென்னை

பதில்: போக வேண்டாம் என்றுதான் சொல்வேன். நிலா இருக்காது என்பது சரிதான். ஆனால் பெர்சீட் எரிகற்கள் புறப்படுவதுபோலத் தெரியும் இடம் வடக்கே வெகுதூரம் தள்ளி இருக்கிறது. நம் ஊரில் அது எழவே இரவு பத்தரை மணி தாண்டிவிடும். விடியப்போகும் நேரத்தில்கூட வானத்தில் பாதி உயரம்தான் ஏறியிருக்கும். அதோடு ஆகஸ்டில் மலை மேல் மேகம் எப்போது வந்து கவியும் என்று சொல்ல முடியாது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அது கோடை விடுமுறைக் காலம், வெளியே படுக்க இதமான இரவு. அதனால் அவர்கள் கொண்டாடுகிறார்கள். அந்தச் செய்தியை நம் தொலைக்காட்சிகள் அப்படியே எடுத்துப் போடுவதுதான் எனக்கு வருத்தம்.

அந்த விடுப்பை டிசம்பர் 15 செவ்வாய்க்கிழமைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். 14 இரவு விழித்திருக்கத்தான். மார்கழி பிறக்க இரண்டு நாள் இருக்கும்போது வருவது ஜெமினிட் பொழிவு. நமக்கு இதைவிட வசதியான பொழிவு வேறில்லை. வளர்பிறை நிலா நள்ளிரவுக்கு முன்பே மறைந்துவிடும். 14 முடியாவிட்டால் 13 இரவும் நன்றாகவே இருக்கும்.

பெரும்பாலான பொழிவுகள் வால்நட்சத்திரம் விட்டுப்போன தூசியால் வருபவை. ஜெமினிட்டுக்கு மூலம் ஃபேதான் என்ற சிறுகோள். 1983இல் ஐராஸ் என்ற அகச்சிவப்புச் செயற்கைக்கோள் அதைக் கண்டுபிடித்தது. புதனைவிடச் சூரியனுக்குப் பக்கத்தில் போய் வருகிற கல் அது. அதன் துகள்கள் நம் காற்றுக்குள் நொடிக்குச் சுமார் 35 கிலோமீட்டர் வேகத்தில் நுழைகின்றன. நவம்பரில் வரும் லியோனிட்டின் வேகம் நொடிக்கு 71 கிலோமீட்டர், கண்ணைத் திருப்புவதற்குள் போய்விடும். ஜெமினிட் நிதானமாக வரும். பக்கத்தில் இருப்பவரிடம் "அதோ!" என்று சொல்லி, அவரும் திரும்பிப் பார்க்க முடிகிற எரிகல்லும் அதில் சில வரும். எனக்கு அது ஒன்றே போதும்.

எங்கே பார்ப்பது என்கிறீர்களா? இரவு ஒன்பது மணிக்குக் கிழக்கே பாருங்கள். சிவப்பாகத் திருவாதிரை தெரியும். அதற்குக் கீழே, இடப்பக்கம் தள்ளி, ஏறக்குறைய ஒரே வெளிச்சத்தில் இரண்டு நட்சத்திரங்கள் சேர்ந்தாற்போல இருக்கும். அதுதான் புனர்பூசம். அங்கிருந்துதான் எரிகற்கள் கிளம்புவதுபோலத் தெரியும். அதற்காக அதையே வெறித்துப் பார்க்கக் கூடாது. அதன் அருகில் தோன்றுபவை குட்டையாக முடிந்துபோகும், நீளக் கோடுகள் தள்ளித்தான் விழும். அதிகாலை இரண்டு மணி வாக்கில் புனர்பூசம் உச்சிக்குச் சற்று வடக்கே வந்து நிற்கும். அதுதான் சரியான நேரம்.

மணிக்கு 120, 150 என்று படித்திருப்பீர்கள். அது துளி வெளிச்சம்கூட இல்லாத வானத்தில், புனர்பூசம் நேர் உச்சியில் நிற்பதாக வைத்துக்கொண்டு போட்ட கணக்கு. டவுன் மாடியில் மணிக்குப் பத்துப் பதினைந்து வந்தாலே நல்லது. கிராமத்து இருட்டில் அதைப்போலப் பல மடங்கு பார்க்கலாம். டிசம்பர் நடுவில் கடற்கரை மாவட்டங்களில் மழை மேகம் கலைந்திருக்கும் என்று நம்ப முடியாது. தர்மபுரி, கிருஷ்ணகிரி, திருப்பத்தூர் பக்கம் சொந்தக்காரர் யாராவது இருந்தால் அங்கே போய்விடுங்கள்.

கேள்வி: இதெல்லாம் ஆண்களுக்குச் சரி. பைக்கை எடுத்துக்கொண்டு மலைக்குப் போவார்கள். நடுராத்திரியில் நாங்கள் எங்கே போவது?
– இல்லத்தரசி, ஆம்பூர்

பதில்: நியாயமான கேள்வி, சகோதரி. எரிகல் பார்க்க மலைக்குப் போயே ஆக வேண்டும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இரவில் காட்டுப் பாதையில் வண்டியை நிறுத்துவது ஆண்களுக்கும் நல்லதல்ல.

உங்கள் மொட்டை மாடி போதும். முன்கூட்டியே ஒரு நாள் இரவு மாடியேறி, எந்த விளக்கு கண்ணைக் குத்துகிறது என்று பார்த்து வையுங்கள். பெரும்பாலும் பக்கத்து வீட்டுப் படிக்கட்டு பல்பாகத்தான் இருக்கும். "அக்கா, அன்னைக்கு ஒரு ராத்திரி மட்டும் அணைச்சு வைங்க, நீங்களும் வாங்க" என்று கூப்பிடுங்கள். தெருவிளக்கை ஒன்றும் செய்ய முடியாது. தண்ணீர்த் தொட்டி எந்தப் பக்கம் அதை மறைக்கிறதோ, அந்த நிழலில் பாயைப் போடுங்கள். அடியில் ஒரு தார்ப்பாய் விரித்துக்கொள்ளுங்கள். இரண்டு மணிக்கெல்லாம் பனி இறங்கி, ஜமக்காளத்தைத் தொட்டால் கையில் ஈரம் ஒட்டும். காதை மூடுகிற குல்லாயும் போர்வையும் கட்டாயம்.

கண் இருட்டுக்குப் பழக இருபது முப்பது நிமிடம் ஆகும். நடுவில் ஒருமுறை செல்போனைத் திறந்தால் அத்தனையும் வீண். டார்ச் வேண்டுமென்றால் அதன் முகப்பில் சிவப்புக் கண்ணாடித்தாளை இரண்டு மூன்று மடிப்பாகக் கட்டிவிடுங்கள். சிவப்பு வெளிச்சம் கண்ணை அவ்வளவாகக் கெடுக்காது.

ஊர்ப்புறத்தில் இருப்பவர்களுக்கு ஒன்று. களத்திலும் வரப்பிலும் வெறும் தரையில் படுக்கவே படுக்காதீர்கள். கட்டுவிரியன் இரவில்தான் நடமாடும், தரையில் படுத்திருப்பவர்களைத்தான் கடிக்கும். கடித்த வலிகூடச் சரியாகத் தெரியாது. கயிற்றுக் கட்டிலைப் போட்டுப் படுங்கள், குழந்தைகளையும் அதன் மேலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நட்சத்திரம் விழுவதைப் பார்ப்பது ஆகாது என்கிறார் என் பாட்டி. அவரை எப்படிச் சமாதானப்படுத்துவது?
– பள்ளி ஆசிரியை, அரூர்

பதில்: பாட்டியிடம் வாதாட வேண்டாம். அந்தப் பயம் இரண்டாயிரம் ஆண்டுப் பழையது. புறநானூற்றின் 229ஆம் பாட்டை அவருக்குப் படித்துக் காட்டுங்கள். பங்குனி மாதத்து நடு இரவில் பெரிய எரிமீன் ஒன்று விழுவதைக் கூடலூர் கிழார் பார்க்கிறார். அரசனுக்கு என்ன ஆகுமோ என்று நடுங்குகிறார். ஏழாம் நாள் சேரமான் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறை இறந்துபோகிறான்.

எனக்கு அந்தப் பாட்டில் பிடித்தது வேறு. அத்தனை கலக்கத்திலும் மாதம், வேளை, எந்த நட்சத்திரம் உச்சியிலிருந்து சாய்ந்தது, எது எழுந்தது, எரிமீன் எந்தத் திசைகளில் போகவில்லை என்று வரிசையாகச் சொல்லியிருக்கிறார். வானத்தைத் தினமும் பார்த்தவர்தான் அப்படிச் சொல்ல முடியும். பாட்டிக்கு இன்னொன்றையும் சொல்லுங்கள். விழுவது நட்சத்திரம் அல்ல, மணல் பருமனுள்ள துகள். தலைக்கு மேல் ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் உயரத்தில், காற்றில் மோதிய சூட்டில் ஆவியாகிவிடுகிறது. நாம் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் இப்படிப்பட்ட தூசி நாள்தோறும் டன் கணக்கில் பூமிக்கு வந்துகொண்டுதான் இருக்கிறது.

கேள்வி: தொலைநோக்கி வாங்கலாமா?
– வாசகர், ஈரோடு

பதில்: இதற்காக வேண்டாம். காவலூர் வைணு பாப்பு ஆய்வகத்தில் 2.3 மீட்டர் தொலைநோக்கி இருக்கிறது. அதில்கூட ஒரே நேரத்தில் வானத்தின் மிகச் சிறிய துண்டுதான் தெரியும். எரிகல்லோ எங்கே வேண்டுமானாலும் கிழிக்கும். வெறும் கண்தான் சிறந்த கருவி. காசை நல்ல போர்வைக்குச் செலவிடுங்கள்.

கேள்வி: சும்மா பார்ப்பதோடு சரியா? அறிவியலுக்கு ஏதாவது பயன் உண்டா?
– கல்லூரி மாணவர், திருச்சி

பதில்: நிச்சயமாக உண்டு, தம்பி. சர்வதேச எரிகல் அமைப்பு உலகெங்கும் உள்ள ஆர்வலர்களின் எண்ணிக்கையை வாங்கித் தொகுக்கிறது. ஐரோப்பாவில் பகலாகிவிட்டால் அவர்களால் எண்ண முடியாது. அவர்களுக்குப் பொழுது சாய்வதற்குள் நமக்கு நல்ல இருட்டு. அந்த நேர இடைவெளியை நம் பக்கத்து ஆட்கள் நிரப்பினால்தான் உண்டு.

செய்வது எளிது. 15 நிமிடத்துக்கு ஒரு வரி. அந்த நேரத்தில் ஜெமினிட் எத்தனை, வேறு திசையிலிருந்து வந்தவை எத்தனை என்று தனித்தனியாகக் குறியுங்கள். கோட்டைப் பின்னோக்கி நீட்டிப் பார்த்தால் புனர்பூசத்தில் போய் முட்ட வேண்டும், அப்படியானால் அது ஜெமினிட். ஓரிரண்டு நிமிடம் ஒரே வெளிச்சத்தில் நகர்ந்துகொண்டே இருந்தால் அது செயற்கைக்கோள், சேர்க்காதீர்கள். கண்ணுக்குத் தெரிகிற மிக மங்கலான நட்சத்திரம் எது, எவ்வளவு நேரம் மேகம் மறைத்தது என்பதையும் எழுதுங்கள். நண்பர்கள் நான்கு பேர் சேர்ந்து பார்த்தால் நால்வர் கணக்கையும் கூட்டிப் போடக் கூடாது, அவரவருக்கு ஒரு தாள். ஒன்றும் வராத 15 நிமிடத்துக்கு மறக்காமல் பூஜ்யம் போடுங்கள். அதுவும் அவர்களுக்குத் தேவை.