வாசகர் கேள்வி: ஒலிம்பிக் கால்பந்தில் பிரேசிலைக் காணோமே?

கேள்வி: கோட்டை மைதானத்தில் மாலை ஆட்டம் முடிந்து டீ குடிக்கும்போது எங்களுக்குள் ஒரு வாக்குவாதம். ரியோ, டோக்கியோ இரண்டிலும் தங்கம் வென்ற பிரேசில், பாரிஸ் ஒலிம்பிக்கின் ஆடவர் கால்பந்தில் ஏன் ஆடவில்லை? நடப்புச் சாம்பியனுக்கு நேரடி இடம் கிடையாதா?
– ஒரு வாசகர், சத்துவாச்சாரி, வேலூர்.

பதில்: கிடையாது. போட்டியை நடத்தும் நாட்டைத் தவிர மற்ற எல்லோரும் தத்தம் கண்டத்தின் தகுதிச்சுற்றில் வென்றுதான் வர வேண்டும். தென் அமெரிக்காவுக்கு இருந்தவை இரண்டே இடங்கள். 2024 பிப்ரவரியில் வெனிசுலாவில் நடந்த தகுதிச்சுற்றின் கடைசி ஆட்டத்தில் அர்ஜென்டினாவிடம் 0-1 என்று தோற்ற பிரேசில் மூன்றாவது இடத்தில் நின்றுவிட, பராகுவேயும் அர்ஜென்டினாவும் பாரிஸுக்குப் போயின.

ஆசியாவின் கதை இதைவிடச் சுவையானது. இங்கே 23 வயதுக்குட்பட்டோருக்கான ஆசியக் கோப்பையே தகுதிச்சுற்று. பதினாறு அணிகள் ஆடும் அந்தப் போட்டியில் முதல் மூன்று இடங்களைப் பிடித்தவை நேராகப் பாரிஸ் ஒலிம்பிக்குக்குச் சென்றன. நான்காவது அணி ஆப்பிரிக்காவின் நான்காவது அணியோடு ஒற்றை ஆட்டத்தில் மோத வேண்டியிருந்தது. ஆகவே காலிறுதியில் தோற்றவர்களுக்கு மறுவாய்ப்பே இல்லை. 1988 முதல் தொடர்ந்து ஒன்பது ஒலிம்பிக்குகளில் ஆடிய தென்கொரியாவை 2024 ஏப்ரலில் தோஹாவில் வீழ்த்தியது அந்தக் காலிறுதிதான். இந்தோனேசியாவுடனான அந்த ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் பிறகும் 2-2 என்றே நிற்க, பெனால்டி ஷூட்அவுட்டில் இரு தரப்பிலும் கோல்கீப்பர்கள் உட்பட ஒவ்வொருவராக வந்து உதைத்து, முடிவில் 11-10 என்று இந்தோனேசியா வென்றது. அத்தனை பாடுபட்டும் நான்காவதாகவே முடித்த இந்தோனேசியா, பிரான்சில் ஆப்பிரிக்காவின் நான்காவது அணியான கினியிடம் ஒரே கோலில் தோற்று வெறுங்கையோடு ஊர் திரும்பியது. ஜப்பான், உஸ்பெகிஸ்தான், ஈராக் ஆகிய மூன்றும் தேறின.

கேள்வி: இந்தியா மறுபடியும் ஒலிம்பிக் கால்பந்தில் ஆடுமா?
– ஒரு வாசகி, ஆம்பூர்.

பதில்: 1948 முதல் 1960 வரை நான்கு முறை ஆடினோம், 1956 மெல்போர்னில் நான்காம் இடமும் பெற்றோம். 1960 ரோமுக்கு ஆப்கானிஸ்தானையும் இந்தோனேசியாவையும் தகுதிச்சுற்றில் வென்று போனவர்கள் நாம் என்பதை இன்றைய பிள்ளைகளிடம் சொன்னால் நம்ப மாட்டார்கள். இப்போதைய தடை ஒலிம்பிக் அல்ல, அதற்கு முந்தைய படி. மேலே சொன்ன ஆசியக் கோப்பையின் பதினாறு அணிகளுக்குள் 2026 போட்டி வரை இந்தியா ஒருமுறையும் நுழைந்ததில்லை. 2025 செப்டம்பரில் பஹ்ரைனை 2-0 என்றும் புருனேயை 6-0 என்றும் வென்றும்கூட, இடையில் கத்தாரிடம் 1-2 என்று தோற்ற அந்த ஓர் ஆட்டத்தால் வாய்ப்பு நழுவிற்று. போதாக்குறைக்கு, 2028 லாஸ் ஏஞ்சலஸில் ஆடவர் அணிகளின் எண்ணிக்கை பதினாறிலிருந்து பன்னிரண்டாகக் குறைகிறது.