பிக்கப் வண்டிக்கு அடிப்படை எஞ்சின் போதுமா?

ஒரே மாடலில் கிடைக்கும் எஞ்சின்களில் விலையும் திறனும் குறைந்ததே அடிப்படை எஞ்சின். பெருந்துறையிலிருந்து ஈரோட்டுக்கு மஞ்சள் மூட்டை கொண்டுபோகும் சமதள ஓட்டத்துக்கு அது தாராளம்.

பெரிய எஞ்சின் பாரமின்றி ஓடும்போதும், தன் உராய்வைச் சமாளிக்கவே கூடுதல் எரிபொருளைச் செலவிடும். ஒரு சோடி காங்கேயம் காளை இழுக்கிற பாரத்துக்கு இரண்டு சோடி கட்டினால், தீனி நான்குக்கும்தானே!

திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளில் அன்றாடம் பாரத்தோடு ஏறுபவர் கதை வேறு. விற்பனையாளர் குதிரைத்திறனைத்தான் பெருமையாகச் சொல்வார். நீங்கள் முறுக்குவிசையை, அதாவது சக்கரத்தைச் சுழற்றும் விசையை (டார்க்), கேளுங்கள், எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுழற்சியில் (ஆர்.பி.எம்.) ஓடும்போது அது கிடைக்கிறது என்பதையும் சேர்த்து.

சிறிய எஞ்சின் என்றாலே மைலேஜ் என்பது பரவலான தப்பெண்ணம்: அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றி, கீழ் கியரிலேயே முடுக்கினால் அது பெரியதைவிட அதிகமாகக் குடிக்கலாம்.