மகள் நீரேற்று நிலையம் வடிவமைக்க விரும்புகிறாள்: ஒரு தந்தையின் கடிதத்துக்குப் பதில்

மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம்.

பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் பெற்ற உங்கள் மகள், கணினி அறிவியலை ஒதுக்கிவிட்டு, குடிநீரேற்று நிலையங்களையும் கழிவுநீர் உந்து நிலையங்களையும் வடிவமைக்கும் பொறியாளராக வேண்டும் என்று பிடிவாதமாக இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். "மோட்டார் போட்டு நிறுத்துகிற வேலைக்கு நான்கு ஆண்டுப் படிப்பா?" என்று உறவினர்கள் கேட்பதும் உங்களை உறுத்தியிருக்கிறது. சம்பளம் பற்றிய உங்கள் கேள்விக்குப் பின்னால் பதில் சொல்கிறேன். முதலில் உறவினர்களின் கேள்வியை எடுத்துக்கொள்வோம். ஏனெனில் அதற்கான விடையில்தான் இந்தத் தொழிலே இருக்கிறது.

40,000 பேர் வாழும் ஒரு சிறு நகரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் தண்ணீர் என்றால் மொத்தம் 54 லட்சம் லிட்டர். அதில் 80 விழுக்காடு கழிவுநீராகத் திரும்பும் என்பது நம் நாட்டில் வழக்கமாகக் கொள்ளப்படும் கணக்கு. சராசரியாக நொடிக்கு 50 லிட்டர் வருகிறது. ஆனால், ஊர் முழுவதும் குளித்துத் துவைக்கும் காலை வேளையில் அது இரண்டரை மடங்காகி 125 லிட்டரை எட்டக்கூடும். நள்ளிரவில் ஒரு சிற்றோடையாகச் சுருங்கிவிடும். இந்த ஏற்ற இறக்கத்தைத் தாங்கும்படி, கழிவுநீர் வந்து சேரும் கிணற்றின் அளவை முடிவு செய்வதுதான் வடிவமைப்பாளரின் முதல் சோதனை. கிணறு சிறிதாக இருந்தால் மோட்டார் ஓயாமல் ஓடி நின்று, நின்று ஓடி, அதன் கம்பிச்சுருள் எரிந்துபோகும். பெரிதாக இருந்தாலோ கழிவுநீர் தேங்கி அழுகி, ஹைட்ரஜன் சல்பைடு வாயு எழும். அது அமிலமாக மாறிக் கான்கிரீட்டை அரிக்கும், உள்ளே இறங்குபவரின் உயிரையும் குடிக்கும். மோட்டார் மிக அதிகமான தடவை ஓடி நிற்பது, நீர் பெருகி வரும் நேரத்தில் அல்ல, பம்ப் இறைக்கும் அளவில் சரிபாதி நீர் வரும் நேரத்தில்தான் என்பது பலருக்கும் வியப்பளிக்கும். நொடிக்கு 125 லிட்டர் இறைக்கும் பம்ப் மணிக்கு ஆறு முறைக்கு மேல் ஓடத் தொடங்கக் கூடாது என்றால், கிணற்றில் மோட்டார் ஓடத் தொடங்கும் நீர்மட்டத்துக்கும் நிற்கும் நீர்மட்டத்துக்கும் இடையே சுமார் 19 கன மீட்டர் கொள்ளளவு வேண்டும்.

அடுத்தது மின்சாரம். அதே 125 லிட்டரை, குழாய் உராய்வையும் சேர்த்து 20 மீட்டர் ஏற்ற, 70 விழுக்காடு திறனுள்ள பம்ப்புக்கு ஏறத்தாழ 35 கிலோவாட் தேவை. பம்ப்பின் விலையை ஒரு முறைதான் கொடுக்கிறோம். மின்கட்டணத்தையோ அது ஓடும் காலமெல்லாம் கட்டுகிறோம். திடீரென மின்சாரம் நின்றுபோனால் இன்னொரு ஆபத்து உண்டு. நீண்ட எஃகுக் குழாயில் நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருக்கும் நீர் சட்டென்று தடைப்பட்டால், சுமார் 100 மீட்டர் உயர நீருக்கு ஈடான அழுத்த அதிர்ச்சி குழாய் நெடுகப் பாயும். 'வாட்டர் ஹாமர்' என்று பொறியாளர்கள் சொல்வது இதைத்தான். அதைத் தாங்குவதற்கான ஏற்பாடுகளை வரைபடத்திலேயே செய்துவிட வேண்டும். குழாய் வெடித்த பிறகு ஓடி வருபவர் வடிவமைப்பாளர் அல்லர்.

நிலையத்தின் தரைமட்டத்தை எங்கே வைப்பது என்பதுகூடச் சிறிய முடிவல்ல. 2022 சூலையில் கோதாவரி பெருக்கெடுத்தபோது, தெலங்கானாவின் காளேசுவரம் பாசனத் திட்டத்தில் கன்னேபள்ளி, அன்னாரம் ஆகிய இரு நீரேற்று நிலையங்களுக்குள் வெள்ளம் புகுந்து மாபெரும் மோட்டார்கள் மூழ்கின. நம் பக்கத்தில், 2024 ஆகஸ்டில் தொடங்கிவைக்கப்பட்ட அத்திக்கடவு–அவிநாசித் திட்டத்தில் ஆறு நீரேற்று நிலையங்கள் சேர்ந்து, பவானி ஆற்றின் உபரி நீரை 1,045 குளம் குட்டைகளுக்குக் கொண்டு செல்கின்றன. உங்கள் மகள் பேசுவது இத்தகைய வேலையைப் பற்றித்தான்.

கழிவுநீர் என்றதும் நீங்கள் முகம் சுளித்திருக்கலாம், அது இயல்பு. ஆனால் கையால் மலம் அள்ளுவதைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டம், பாதுகாப்பு ஏற்பாடுகள் இல்லாமல் மனிதரைச் சாக்கடைக்குள் இறக்குவதைத் தடை செய்துள்ள பின்னும் மரணச் செய்திகள் நிற்கவில்லை. ஆள் உள்ளே இறங்கத் தேவையில்லாதபடி, அடைத்துக்கொண்ட பம்ப்பை வழிகாட்டிக் கம்பியில் சங்கிலி கட்டி மேலிருந்தே தூக்கும்படி அமைப்பதா, குப்பையைத் தடுக்கும் கம்பிச் சல்லடை தானே வழித்துக்கொள்ளும்படி அமைப்பதா என்பதையெல்லாம் முடிவு செய்வது மேசையில் அமர்ந்திருக்கும் வடிவமைப்பாளர்தான். உறவினர்களிடம் இதையும் சொல்லுங்கள்.

இனிப் படிப்பு. நிலையத்தின் கட்டடம், கிணறு, குழாய்ப்பாதை ஆகியவை சிவில் பொறியாளரிடமும், பம்ப்பும் வால்வும் மெக்கானிக்கல் பொறியாளரிடமும், மின்பலகையும் தானியங்கிக் கட்டுப்பாடும் எலக்ட்ரிகல் பொறியாளரிடமும் சேரும். ஊர் முழுவதற்குமான நீர்ப் பாதையைப் பற்றி உங்கள் மகள் பேசுகிறாள் என்பதால், சிவில் எடுத்து, பின்னர் சுற்றுச்சூழல் பொறியியலில் எம்.இ. படிப்பதே பொருத்தம் என்று கருதுகிறேன். பம்ப் என்ற இயந்திரமே அவளை ஈர்த்தால் மெக்கானிக்கல். எதை எடுத்தாலும், நீர் போன்றவை பாயும் விதத்தை விளக்கும் பாய்ம இயக்கவியல் பாடத்தில் தேறினால் போதும் என்று இருந்துவிடக் கூடாது. பல மாணவர்கள் அஞ்சி ஒதுங்கும் அந்தப் பாடம்தான் இங்கே மூலதனம். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இலவசமாக வழங்கும், குடிநீர்க் குழாய்களின் நீரோட்டத்தைக் கணக்கிடும் இபானெட் என்ற மென்பொருளை இரண்டாம் ஆண்டிலேயே பழகத் தொடங்கலாம். பம்ப் உற்பத்திக்குப் பேர்பெற்ற கோயம்புத்தூரில், ஒரு தொழிற்சாலையின் சோதனைக் கூடத்தில் ஒரு மாதம் பயிற்சி பெற்றால், பம்ப்பின் செயல்பாட்டைக் காட்டும் பாடநூல் வளைகோடுகள் கண்முன் உயிர்பெறும்.

சம்பளத்தைப் பற்றி மழுப்பாமல் சொல்கிறேன். முதல் சில ஆண்டுகளில், நல்ல மென்பொருள் நிறுவனத்தில் சேரும் அவளுடைய தோழியைவிட இவள் குறைவாகவே வாங்குவாள். நான்கைந்து திட்டங்களை முழுமையாகக் கையாண்ட பிறகே மதிப்பு உயரும். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியம், சென்னைக் குடிநீர் வாரியம் போன்ற அரசு அமைப்புகளை மட்டுமே நம்பிக் காத்திருக்க வேண்டாம். ஆள்சேர்ப்பு அறிவிப்புகள் ஒழுங்காக வருவதில்லை. ஜல் ஜீவன், அம்ருத் போன்ற மத்திய அரசின் குடிநீர், கழிவுநீர்த் திட்டங்களுக்கு வடிவமைக்கும் ஆலோசனை நிறுவனங்கள் இருக்கின்றன. பிரிட்டன், வளைகுடா நாடுகளின் நீர்த் திட்டங்களை இந்தியாவிலிருந்தே வடிவமைக்கும் அலுவலகங்களும் இருக்கின்றன. பிரிட்டனில் இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளின் நீர் நிறுவனங்கள் ஐந்தாண்டு முதலீட்டுத் திட்டங்களின்படி இயங்குகின்றன. இப்போது நடப்பது 2025 முதல் 2030 வரையிலானது.

பெண் பிள்ளைக்கு ஏற்ற வேலையா என்றும் கேட்டிருக்கிறீர்கள். பெரும்பகுதி அலுவலக வேலைதான். ஆனால் நிலையத்தை முதன்முதலாக ஓட்டிப் பார்க்கும் நாட்களில் சேற்றிலும் இரவிலும் நிற்க வேண்டியிருக்கும். இதை அவளிடம் மறைக்காதீர்கள், தடையாகவும் முன்வைக்காதீர்கள்.

கலந்தாய்வில் விருப்பப் பட்டியலை நிரப்புமுன், உங்கள் நகராட்சிப் பொறியாளரிடம் அனுமதி பெற்று, ஒரு நாள் காலை ஏழு மணிக்கு மகளைக் கழிவுநீர் உந்து நிலையத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். மேலே சொன்ன கணக்கை உங்கள் ஊரின் மக்கள்தொகையை வைத்து அவளையே போட்டு வரச் சொல்லுங்கள். நாற்றத்தையும் மீறி, அங்குள்ள இயக்குபவரிடம் மோட்டார் மணிக்கு எத்தனை முறை ஓடுகிறது என்று அவள் கேட்டாளானால், பட்டியலில் சிவிலை முதலிடத்தில் வைத்துவிடுங்கள்.