கடைசிப் பரீட்சை முடியும்வரை பொறுக்க வேண்டாம்

கேள்வி: மகள் கொழும்பில் ஓர் அரச பல்கலைக்கழகத்தில், கலைப்பீடத்தில் மூன்றாம் வருடம். நான்கு வருடச் சிறப்புப் பட்டம். தொழில் வழிகாட்டல் பிரிவுக்குப் படிப்பு முடிந்தபின் போகலாம் என்கிறாள். அங்கே போனால் உண்மையில் வேலை கிடைக்குமா? (வெள்ளவத்தை வாசகர்)

பதில்: அந்தப் பிரிவு வேலை கொடுக்கும் இடமல்ல. வேலை கேட்டுப் போகும் நாளில் கையில் இருக்க வேண்டியவற்றைச் சேர்த்துக்கொள்ள உதவும் இடம். சேர்ப்பதற்குக் காலம் வேண்டும். அதனால் மகள் இந்த அரையாண்டிலேயே போகட்டும்.

எல்லாவற்றிலும் பெரியது தொழிற்பயிற்சி. பட்டங்களின் தரத்தை வகுக்கும் இலங்கைத் தகைமைச் சட்டகத்தின்படி, வகுப்பில் படிக்கும் பாடத்தில் ஒரு கிரெடிட் (பட்டத்துக்குச் சேர்க்க வேண்டிய படிப்பு அலகு) என்பது 50 மணி நேரக் கற்றல். தொழிற்பயிற்சியிலோ குறைந்தது 100 மணி. மூன்று கிரெடிட்டுக்கு 300 மணி ஆகிறது. கிழமைக்கு 40 மணி வேலை செய்தாலும் ஏழரைக் கிழமை. ஒரு மாத விடுமுறைக்குள் முடித்துவிடலாம் என்று நினைத்து இடையில் மாட்டிக்கொள்பவர்கள் பலர். தெரிந்தவர் மூலம் நீங்கள் இடம் பிடித்துக் கொடுத்தாலும், அது கிரெடிட்டுக்குக் கணக்கில் வருமா என்று சேருமுன்பே பீடத்தில் கேட்கட்டும்.

பயிற்சிக்குப் போனவரைப் போட்டோகொப்பி எடுக்கவும் ஃபைல் அடுக்கவும் மட்டும் விட்டுவிடும் அலுவலகங்கள் உண்டு. இதைத் தடுக்க ஒரு வழி: முதல் கிழமையிலேயே மேற்பார்வையாளரிடம், முடிவில் எடுத்துக் காட்டக்கூடிய ஒரு வேலையைக் கேட்டு வாங்குவது. ஓர் அறிக்கையோ, மொழிபெயர்ப்போ, தரவு அட்டவணையோ, எதுவானாலும் சரி. விடைபெறும்போது திகதிகளும் செய்த வேலைகளும் குறித்த கடிதம் வேண்டும். “நன்னடத்தையோடு பணியாற்றினார்” என்ற ஒற்றை வரியால் பயனில்லை.

அடுத்தது மாதிரி நேர்முகத்தேர்வு. ஒரு தடவை போதாது; முதல் தடவை பயம் தெளிவதோடு சரி, திருத்தம் இரண்டாவதில்தான் வரும். குழுவாகச் செய்த வேலையைச் சொல்லும்போது நம் பிள்ளைகள் அடக்கத்தால் “நாங்கள் செய்தோம்” என்றே முடிப்பார்கள். கேட்பவருக்குத் தெரிய வேண்டியது அந்தப் பிள்ளை செய்த பங்கு. தமிழ்மொழிமூலம் படித்தவராயின் ஆங்கிலத்தில் வாய்விட்டுச் சொல்லிப் பழகுவது அவசியம். எழுத வருவது பேசவும் வரும் என்பதில்லை. கொழும்புத் தனியார் அலுவலகங்களில் பேச்சுச் சிங்களமும் வெகுவாகக் கைகொடுக்கும்.

சுயவிவரக்கோவை இரண்டு பக்கம் தாண்ட வேண்டாம். அதன் அடியில், விண்ணப்பிப்பவரைப் பற்றிக் கேட்டால் சொல்லக்கூடிய உறவினரல்லாத இருவரைக் குறிப்பிடுவது இங்குள்ள வழக்கம். கேட்காமல் விரிவுரையாளரின் பெயரைப் போட்டுவிடுகிறார்கள். கம்பனியிலிருந்து அழைப்பு வரும்போது அவருக்கு ஆளே ஞாபகமில்லை. மகள் இப்போதே ஒரு விரிவுரையாளரை நேரில் கண்டு சம்மதம் கேட்கட்டும். பிறகு தன் பதிவு இலக்கம், அவரிடம் படித்த பாடம், பெற்ற தரம், சுயவிவரக்கோவை ஆகியவற்றை மின்னஞ்சலில் அனுப்பி வைக்கட்டும்.

அரச வேலைதான் குறி என்றால் அரச வேலை அறிவிப்புகளோடு வெள்ளிதோறும் வரும் வர்த்தமானியைப் பார்க்கும் பழக்கம் வேண்டும். முடிவுத் திகதி யாருக்காகவும் காத்திருக்காது. இறுதிப் பரீட்சைக்கும் பட்டமளிப்பு விழாவுக்கும் இடையில் மாதக்கணக்கில் இழுபடும். பெறுபேறு வந்ததும் பரீட்சைக் கிளையில் பெறுபேற்றை உறுதிப்படுத்தும் கடிதத்துக்கு விண்ணப்பித்தால், சான்றிதழ் கைக்கு வருமுன்பே விண்ணப்பங்களை அனுப்பத் தொடங்கலாம்.