900 மணி நேரம் என்ற கணக்கை மட்டும் நம்பி அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்

சார், வெளிநாட்டில் 11 வயதான ராபின்சன் ஆர்44 ஹெலிகாப்டர் விலைக்கு வருகிறது, 900 மணிதான் பறந்திருக்கிறது, "இன்னும் 1300 மணி மிச்சம்" என்கிறார் புரோக்கர், பெங்களூருக்கு வாங்கி வந்து அங்குள்ள ஜக்கூர் விமானத் தளத்தில் வைக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள்.

தயவுசெய்து அவசரப்படாதீர்கள். ஆர்44-க்கு ஓவர்ஹால், அதாவது முழுதாகப் பிரித்துப் புதுப்பிக்கும் வேலை, 2200 மணி அல்லது 12 ஆண்டுக்கு ஒருமுறை. எது முந்துகிறதோ அதுதான் கணக்கு. ஆக உங்களுக்கு மிச்சம் ஒரே வருடம். மெயின் ரோட்டர் பிளேடுக்கும் இதே கெடுதான். புரோக்கர் இதைச் சொல்லாமல் விட்டதே எனக்குச் சரியாகப் படவில்லை. ஓவர்ஹால் செலவைக் கழித்துவிட்டு விலை பேசுங்கள்.

இன்னொன்று, குறைவாகப் பறந்தது நல்லதே அல்ல. வருடத்துக்குச் சுமார் 80 மணி என்றால் சும்மா நின்ற நாள்தான் அதிகம். இதிலுள்ள லைகமிங் எஞ்சின் அப்படி நின்றால் உள்ளே வால்வுகளை இயக்கும் தண்டான கேம்ஷாஃப்டில் துரு ஏறும், கடலோர ஊரென்றால் கேட்கவே வேண்டாம். விற்பவருக்குச் சம்பந்தமில்லாத எஞ்சினியரை உங்கள் செலவில் அனுப்புங்கள். ஆயில் ஃபில்டரை வெட்டி உலோகத் துகள் இருக்கிறதா என்று பார்க்கட்டும், லாக் புக்கை முதல் பக்கத்திலிருந்து படிக்கட்டும்.

அந்த நாட்டுப் பதிவு நீங்கினால்தான் இங்கே விடி (VT) எனத் தொடங்கும் இந்தியப் பதிவு கிடைக்கும். விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் அரசு அமைப்பான டிஜிசிஏவின் அனுமதி கைக்கு வராமல் முழுப் பணத்தையும் அனுப்பிவிடாதீர்கள்.