மஹா ஓயா வெந்நீர்க் கிணறும் கணினிக் கணக்கும்: கேள்வி பதில்

நிலத்தடி நீர் எப்படி ஓடும் என்று கணினியில் கணக்குப் போடுவது என் தொழில். நான் மட்டக்களப்புக்காரன். புவிவெப்ப மின்சாரமும் வெந்நீரூற்றும் பற்றிக் கேளுங்கள் என்றேன். பாதிப் பேர் அம்பாறை மாவட்டத்து மஹா ஓயா வெந்நீர்க் கிணறுகளையே கேட்டிருக்கிறீர்கள். நல்லதுதான்.

செங்கலடியிலிருந்து: அண்ணா, நம்ம பக்கம் எரிமலையே இல்லை. பிறகு தண்ணீர் எப்படிச் சுடுகிறது?

அது மழைத் தண்ணீர்தான். பாறை வெடிப்புகளுக்குள்ளால் ஆழத்துக்கு இறங்கிச் சூடேறி, வேறொரு வெடிப்பால் மேலே வருகிறது. சாதாரணமாகவே ஒரு கிலோமீற்றர் இறங்கினால் 25 முதல் 30 பாகை செல்சியஸ் கூடும். ஹைலண்ட், விஜயன் என்ற இரண்டு பழைய பாறைத் தொகுதிகள் சந்திக்கும் எல்லையை ஒட்டித்தான் மஹா ஓயா, வஹவ, கபுறெல்ல ஊற்றுகள் எல்லாம் கிடக்கின்றன.

களுவாஞ்சிக்குடி டீச்சர் ஒருவர்: பிள்ளைகளைக் கூட்டிப் போனோம். ஒரு கிணற்றில் கை வைக்க முடியவில்லை, பக்கத்துக் கிணறு இளஞ்சூடு. ஏன் தம்பி?

கீழிருந்து வருகிற சூட்டுத் தண்ணீரோடு மேல்மட்டக் குளிர்ந்த தண்ணீர் எவ்வளவு கலக்கிறது என்பது கிணற்றுக்குக் கிணறு மாறும், டீச்சர். எங்கள் தொழிலில் தலையிடி கொடுப்பதும் இதுதான். கணினிக்குள் நிலத்தைக் கட்டங்களாக வெட்டுகிறோம். இப்படிக் கணினிக்குள் கட்டும் நிலத்தைத்தான் ‘மாதிரி’ என்கிறோம். பெரிய மாதிரியில் ஒரு கட்டமே நூறு, இருநூறு மீற்றர் இருக்கும். நீங்கள் பார்த்த கிணறுகள் அத்தனையும் ஒரே கட்டத்துக்குள் அடங்கிவிடும். ஆகவே ‘இந்தக் கிணறு வற்றும், அது வற்றாது’ என்று யாராவது கணினியைக் காட்டிச் சொன்னால் நம்ப வேண்டாம்.

அக்கரைப்பற்றிலிருந்து: மின் நிலையம் கட்டினால் ஊற்று வற்றும் என்கிறார்களே, உண்மையா நானா?

வற்றிய இடம் இருக்கிறது. நியூசிலாந்தின் வைராக்கேயில் 1958இல் மின் உற்பத்தி தொடங்கியது. கீழிருந்து எடுத்த சுடுநீரைப் பல பத்தாண்டுகள் நிலத்துக்குள் திருப்பி விடவில்லை. அமுக்கம் விழுந்தது, பக்கத்தில் கீசர் (வெந்நீர் பீறிட்டு எழும் ஊற்று) பள்ளத்தாக்கு என்று பெயர் பெற்றிருந்த இடத்தில் ஊற்றுகள் சில வருடங்களிலேயே அடங்கின. ஓரிடத்தில் நிலம் சுமார் 15 மீற்றர் தாழ்ந்தது. ஆனால் அதே பகுதியில் இன்னொரு பக்கம் நீராவி கூடிவிட்டது! அமுக்கம் குறைந்ததும் கீழே இருந்த சுடுநீர் கொதித்து ஆவியாக மேலே வந்தது. கையால் கணக்குப் போட்டுப் பிடிக்கக்கூடிய சங்கதி அல்ல இது.

ஊற்றைக் கொல்வது பெரும்பாலும் சூடு குறைவதல்ல, அமுக்கம் குறைவது. பாறைக்குள் எத்தனை சூடு மிச்சம் இருந்தாலும், தண்ணீரை மேலே தள்ளும் அமுக்கம் சில மீற்றர் நீர்மட்ட அளவு இறங்கினாலே ஊற்று நின்றுவிடலாம். மேல்நிலைத் தாங்கியில் தண்ணீர் இறங்கினால் மாடிக் குழாய் முதலில் நிற்பது மாதிரி.

ஓட்டமாவடியிலிருந்து: கணினி எப்படி இதைச் சொல்கிறது?

ஒவ்வொரு கட்டத்துக்கும் இரண்டு கணக்கு: வந்த நீர், போன நீர்; வந்த வெப்பம், போன வெப்பம். அமெரிக்காவின் லோரன்ஸ் பேர்க்லி ஆய்வுகூடத்தில் உருவான டஃப்2 என்ற மென்பொருள் இதில் பெயர் பெற்றது. முதலில் யாரும் துளை போடாத காலத்தை ஓட்டுவோம், கணினிக்குள் பல்லாயிரம் வருடம், எல்லாம் மாறாமல் நிலைக்கும் வரை. அந்த ஓட்டத்தில் ஊற்று அதன் இடத்தில், அதன் சூட்டில் வர வேண்டும். வராவிட்டால் பாறை எங்கே எவ்வளவு நீர் விடும் என்ற எண்ணை மாற்றி மறுபடி ஓட்டு. அந்த எண் இடத்துக்கு இடம் பல்லாயிரம் மடங்கு மாறும் என்பதால் அளவீட்டோடு ஒத்துப்போகும் மாதிரிகள் பல கிடைக்கும். அத்தனையையும் எதிர்காலத்துக்கு ஓட்டி, விடையை ஒரு வீச்சாகச் சொல்வதே நேர்மை. ஒரே ஒரு கோடு போட்டுக் காட்டுகிறவரிடம் மற்ற ஓட்டங்களையும் கேளுங்கள்.

அதே ஆள்: எடுத்த தண்ணீரைத் திருப்பி விட்டால் சரிதானே?

பாதி சரி. அமுக்கம் காப்பாற்றப்படும். ஆனால் கிட்ட விட்டால், ஆறிய தண்ணீர் வெடிப்பால் ஓடி உற்பத்திக் கிணற்றுக்கே வந்துவிடும். எங்கே விடுவது என்பதுதான் மாதிரியிடம் கேட்க வேண்டிய கேள்வி.

அம்பாறையிலிருந்து: மஹா ஓயாவில் மின்சாரம் எடுக்கலாமா, சேர்?

அமெரிக்காவின் அலாஸ்காவில் உள்ள செனா (Chena) வெந்நீரூற்றில் 2006 முதல் 74 பாகை தண்ணீரில் எடுக்கிறார்கள். அங்கே குளிராக்க 4 பாகைத் தண்ணீர் கிடைக்கிறது. கோட்பாட்டு உச்சத் திறன், அதாவது எடுத்த வெப்பத்தில் மின்சாரமாக்கக்கூடிய அதிகபட்சப் பங்கு, 20 வீதம். மஹா ஓயாவில் சுமார் 55 பாகை, நமது ஆற்றுத் தண்ணீர் 28 என்று வைத்தால் உச்சமே 8 வீதம்தான். நடைமுறையில் அதிலும் குறையும். ஆழத் துளைத்தால் கூடிய சூடு கிடைக்கலாம், செலவு வேறு கதை. எனக்குப் பயம் மின் நிலையத்தில் இல்லை, விடுதிகளின் குழாய்க்கிணறுகளில். நியூசிலாந்தின் ரொட்டோருவாவில் வீடுகளும் விடுதிகளும் போட்ட துளைகளால்தான் கீசர்கள் தளர்ந்தன. 1986இல் பொஹுட்டு கீசரிலிருந்து 1.5 கிலோமீற்றருக்குள் இருந்தவற்றை மூட அரசு உத்தரவிட்டது. பிறகு நீர்மட்டம் ஏறியது.

கல்முனை, உயர்தர மாணவி: இதில் ஒரு செயற்றிட்டம் செய்ய ஆசை. என்ன செய்யலாம் அண்ணா?

மென்பொருளைப் பிறகு பார்க்கலாம், தங்கச்சி. தொடங்க வெப்பமானி, கயிற்றில் கட்டிய அளவுகோல், கொப்பி போதும். அதே கிணறுகளில் மாதம் ஒருமுறை வெப்பநிலை, நீர்மட்டம், மின்கடத்துதிறன் (தண்ணீரில் கரைந்த உப்பு எவ்வளவு என்று காட்டுவது) மூன்றையும் எடுங்கள். மாரியிலும் கோடையிலும் விடாமல். மின்கடத்துதிறன் அளக்கும் கருவியை மட்டும் பள்ளி ஆய்வுகூடத்தில் கேளுங்கள். முந்தின வாரத்து மழையையும் எழுதுங்கள், இல்லாவிட்டால் மழை செய்ததையும் மனிதன் செய்ததையும் பிரிக்க ஏலாது. ஒரு வருடத் தரவு சேர்ந்ததும் எனக்கு அனுப்புங்கள், சின்ன மாதிரி ஒன்றைச் சேர்ந்தே ஓட்டிப் பார்ப்போம்.