செவலை நிறத்தில் ஒரு மயிலைக் காளை: சர்ரியலிச ஓவியம் பற்றிக் கேள்வி பதில்

ஈரோட்டில் எங்கள் ஓவியக் குழு கூடியபோது வந்த கேள்விகளும் நான் சொன்ன பதில்களும் இவை. கேட்டவர்களை ஊர்ப் பெயரால் குறித்திருக்கிறேன். சர்ரியலிசம் என்றால் கனவிலும் அடிமனதிலும் வருவதைப் படமாக்கும் பாணி. முப்பது வருடமாக எண்ணெய் வண்ணத்தோடு புழங்குகிறவள் என்பதால் என்னிடம் கேட்டார்கள்.

திருப்பூர்: அக்கா, ஓவியர் சல்வடார் டாலியோட உருகும் கடிகாரப் படத்தைப் பெரிசா பிரிண்ட் போட்டு ஹாலில் மாட்டியிருக்கோம். கடிகாரம்னா காலம், எறும்புன்னா அழிவுன்னு சொல்றாங்க. அவ்வளவுதானுங்களா?

அவ்வளவுதான் என்றால் அதை வரையவே வேண்டியதில்லை, எழுதியே வைத்திருக்கலாம். முதலில் அளவைப் பாருங்கள். 1931-ல் வரைந்த அந்தப் படம் 24 செ.மீ.க்கு 33 செ.மீ.தான், ஏ-4 தாளைவிடக் கொஞ்சம் பெரிது. நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. குனிந்து, கிட்டப் போய்ப் பார்க்க வேண்டிய படம். தூரிகைத் தடம் தெரியாமல் வழவழவென்று தீட்டியிருக்கிறார். நடக்காத ஒன்றை நம்ப வைப்பது அந்த வழவழப்புதான்.

அப்புறம், வலப்பக்கம் மேலே இருக்கும் பாறைகள் கற்பனை இல்லை; ஸ்பெயினின் கட்டலோனியாவில் அவர் வாழ்ந்த கடற்கரையின் பாறைகள். அவருடைய ஊர் அப்படியே இருக்கிறது, அதன் மேல் கனவு வந்து விழுகிறது. எறும்பு மொய்ப்பது எதில் என்று பார்த்தீர்களா? இளகிய மூன்றிலும் இல்லை. மூடிக் கவிழ்ந்து கிடக்கும் ஆரஞ்சுக் கடிகாரத்தில். கெட்டியாக நிற்கிற ஒரே கடிகாரத்தைத்தான் அரிக்கிறது. எனக்கு அந்தப் படத்தில் வயிற்றைப் பிசைகிற இடம் அதுதான்.

கோவை: அது ஐன்ஸ்டைனின் சார்பியல் கொள்கை என்று கல்லூரியில் சொன்னார்கள்.

நிறையப் பேர் அப்படிச் சொல்கிறார்கள். ஆனால் உருகிய காமம்பேர் என்ற மெத்தென்ற பிரெஞ்சு சீஸைப் பார்த்து வந்த யோசனை என்று டாலியே சொல்லியிருக்கிறார்.

கோபி: தண்ணியில்லாத கிணத்துக்குள்ள ஒரு காங்கேயம் காளை நிக்கற மாதிரி வரைஞ்சிருக்கேனுங்க அக்கா. என்ன அர்த்தம்னு எல்லாரும் கேக்கறாங்க. எனக்கே தெரியலைங்க.

படத்தை நேரில் கொண்டு வந்தீர்கள், ரொம்ப நல்லது. போட்டோவில் இது தெரிந்திருக்காது. கிணற்றுச் சுவரை வண்ணம் பூசும் கத்தியால் அப்பியிருக்கிறீர்கள். வண்ணம் விரல் கனத்துக்கு நிற்கிறது, தடவினால் கல்லைத் தடவுவதுபோல் இருக்கிறது. காளையோ வண்ணத்தை நீர்க்க வைக்கும் டர்பன்டைனில் கரைத்த மெல்லிய பூச்சு. துணியின் இழைகூட அதன் விலாவில் தெரிகிறது. கிணறு கனக்கிறது, காளை கரைகிறது. கை தெரிந்தே செய்திருக்கிறது.

இன்னொன்று. காங்கேயம் கன்று செவலையாக, அதாவது செந்நிறமாகப் பிறந்து, ஆறு மாதம் ஆகும்போது மயிலைக்கு, அதாவது சாம்பல் நிறத்துக்கு மாறும் என்பது உங்களுக்குத் தெரியாததில்லை. வளர்ந்த பிறகும் செவலையாக இருக்கும் மாடும் உண்டு, சரி. ஆனால் உங்கள் காளைக்குத் திமிலும் கழுத்தும் மயிலைக் காளைக்குக் கறுப்பதுபோல் கறுத்திருக்கின்றன. உடம்பு மட்டும் கன்றின் செம்மை. வளர்ந்த காளைக்குக் கன்று நிறம் எங்கிருந்து வந்தது? அர்த்தத்தை அங்கே தேடுங்கள். காளை என்றால் வீரம் என்று எந்தப் புத்தகத்திலாவது போட்டிருந்தால் அதை மூடி வைத்துவிடுங்கள். வீட்டில் கன்று வளர்த்தீர்களா?

பொள்ளாச்சி: ஆளி விதை எண்ணெய் விலை அதிகம். எங்கள் தோப்பில் தேங்காய் எண்ணெய்க்குக் குறைவில்லை. வண்ணத்தில் கலக்கலாமா?

வேண்டவே வேண்டாம். எண்ணெய் வண்ணம் காய்வது ஈரத் துணி காய்வதுபோல இல்லை. ஆளி விதை எண்ணெய் காற்றிலிருந்து ஆக்சிஜனை இழுத்துத் தானே கெட்டிப் படலமாக மாறுகிறது. தேங்காய் எண்ணெய்க்கு அந்தக் குணம் கிடையாது. மார்கழியில் உறையும், வெயில் ஏறினால் இளகிவிடும். வருடம் போனாலும் படத்தில் விரல் வைத்தால் ஒட்டும், தூசி ஏறும். கடலை எண்ணெய், நல்லெண்ணெயும் உதவாது. ஆளி விதையிலும் ஒரு முறை உண்டு: அடிப்பூச்சில் எண்ணெய் குறைவு, மேலே போகப் போகக் கூடுதல். மாற்றிச் செய்தால் மேல்பூச்சு முதலில் காய்ந்து, பிறகு அடி அசையும்போது வெடிக்கும்.

பல்லடம்: விசைத்தறிக் காடாத் துணியில் வரையலாமுங்களா?

தாராளமாக. கஞ்சி போகத் துவைத்து, சட்டத்தில் இழுத்து அடித்து, அக்ரிலிக் ஜெஸ்ஸோ என்ற வெள்ளை அடிப்பூச்சை மூன்று நான்கு தடவை கொடுங்கள். வெறுந்துணியில் எண்ணெய் ஊறினால் நாளடைவில் நூல் இற்றுப்போகும்.

நாமக்கல்: குறியீட்டை முதலில் யோசித்துவிட்டுத்தான் வரைய வேண்டுமா?

சர்ரியலிச ஓவியர் மாக்ஸ் எர்ன்ஸ்ட் நேர்மாறாகச் செய்தார். ஈர வண்ணத்தின் மேல் கண்ணாடியோ தாளோ வைத்து அழுத்தி எடுப்பார். பவளப்பாறை மாதிரி ஒரு வடிவம் வரும். அதற்குள் இருந்து உருவங்களைத் தேடித் தீட்டுவார். ‘மழைக்குப் பின் ஐரோப்பா’ (1940–42) அப்படித்தான் வந்தது. போரில் சிதைந்த கண்டத்தை அந்த வண்ணத்தின் பிசுபிசுப்பே அவருக்குக் காட்டிக் கொடுத்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கண்ணாடித் துண்டை வைத்து முயன்று பாருங்கள்.

கோபி (மறுபடியும்): ஒரு செவலைக் கன்னு இருந்துச்சுங்க அக்கா. கிணறு வத்துன வருசம் அப்பா சந்தையில வித்துட்டாரு. நிறம் மாறறதுக்கு முன்னாடியே போயிருச்சு.

அப்படியானால் அந்தச் செம்மையில் கை வைக்காதீர்கள், சாமி. காளையை இன்னும் கெட்டியாக்கலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். கிணற்றுச் சுவர் கனமாக இருப்பதால் உள்ளே காய ஒரு வருடமாவது ஆகும். அதுவரை வார்னிஷ் பூசாமல், வெளிச்சம் படும் சுவரில் மாட்டி வையுங்கள். இருட்டில் வைத்தால் ஆளி விதை எண்ணெய் மஞ்சளிக்கும்.